விடைத்தாளைக் கேட்பது வாத்தியாரை எதிர்ப்பதா?

சகோதரிகளே, படிக்கிற பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்குமானால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். பெருமைப்பட்டு எழுதவில்லை. முதல் மூன்று நாள் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நான் செய்த தப்பை இன்னொரு தாய் செய்யக் கூடாதே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

எங்களுக்கு வெள்ளகோவில். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் ஆறு தறி ஓடுகிறது. மூத்த பெண் கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். அது தன்னாட்சிக் கல்லூரி. அதாவது, பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். ஆனால் பாடத்தை வகுப்பதும், தேர்வு வைப்பதும், தாள் திருத்துவதும் கல்லூரியே. தமிழ்நாட்டில் 1978-இல் சில கல்லூரிகளோடு தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது நம் கொங்குச் சீமையில் மட்டும் எத்தனையோ கல்லூரிகள் அப்படி இருக்கின்றன.

2023 பிப்ரவரியில், மகா சிவராத்திரிக்கு முந்தின வாரம் ரிசல்ட் வந்தது. எங்கள் ஊரில் சிவராத்திரி என்றால் வீரக்குமாரசாமி கோயில் தேர். வீடு நிறைய ஒறம்பரை. பெண்கள் கோயிலுக்குள் போவதில்லை. வெளியில் நின்றுதான் கும்பிடுவோம். ஆனாலும் சமையலும் உபசாரமும் நம் தலையில்தானே! நான் அரிசி ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"ஒரு பேப்பர்ல போயிருச்சும்மா. இன்னொண்ணுல மார்க்கு ரொம்பக் கம்மி."

"சரி, போய் அந்தத் தேங்காயைத் துருவு" என்றேன். இதுதான் நான் சொன்ன முதல் வார்த்தை!

அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. தலைவலி என்றாள். மறுநாளும் சாப்பிடவில்லை. மாதவிலக்கு நேரமாக இருக்கும் என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், "அம்மிணி, எத்தனை மார்க்கு? எப்ப வேலைக்குப் போறே?" என்று கேட்கக் கேட்க, அவள் அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். மாடிப்படியில் இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அந்தப் பேப்பரை நான் நல்லாத்தாம்மா எழுதியிருக்கேன். 38 வர நாயமே இல்லீங்கம்மா."

"வாத்தியாரு சும்மா போடுவாரா சாமி? உனக்குத் தெரியாததா அவங்களுக்குத் தெரியாது?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களும் நம்ப மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

எனக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை. எதனால் என்று சொல்கிறேன்.

1993-இல் நானும் பிளஸ் டூ எழுதினேன். அப்போதெல்லாம் பாடத்துக்கு 200 மார்க், தேற 70 வேண்டும். கணக்குப்பதிவியலில் எனக்கு 67. மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க். அந்தப் பாடம்தான் எனக்குப் பிடித்த பாடம். "ஒரு தடவை எழுதிக் கேட்டுப் பார்க்கலாங்கப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். "வாத்தியாரைக் குத்தம் சொல்ற புள்ளையை எவன் கட்டுவான்?" என்றார். ஆவணியில் கல்யாணம். அந்த 67 சரியா, தப்பா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சரியாகவே இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ளக்கூட ஆசைப்படக் கூடாது என்றார்கள் பாருங்கள், அதுதான் உறுத்தல். அப்பா எனக்குச் சொன்னதையே நான் என் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று அந்த நடுராத்திரியில்தான் உறைத்தது.

எழுந்து போய் அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். காலையில் ஒரு தம்ளர் ராகிக் கூழைக் கையில் கொடுத்து, "சித்தக் குடி கண்ணு. உன்ற பேப்பரை நாம பார்க்கறதுக்கு வழி உண்டான்னு விசாரிக்கலாம்" என்றேன். குடித்தாள்.

திருத்துகிறவர் சொன்னது

என் கணவருடைய அக்கா, எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கை, மேல்நிலைப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்குப் பல வருடம் போனவர். சிவராத்திரிக்கு வந்தவரை அன்று ஊருக்கு விடவில்லை.

"ஏம்மா, தாள் திருத்தறதுன்னா என்னன்னு நினைச்சே?" என்று அவர் தொடங்கினார். "காலையில ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. கையில விடைக்குறிப்பு. உதவித் தேர்வாளர் திருத்தணும். கூர்ந்தாய்வாளர் கூட்டல் சரியா, விட்டுப்போச்சான்னு பார்க்கணும். முதன்மைத் தேர்வாளர் அதுக்கும் மேல. இத்தனை பேர் கண்ணுல படற தாள்லயும் தப்பு வந்திருது. மேல ஒரு மின்விசிறி, வெளிய சித்திரை வெயில். மனுசக் கண்ணுதானே!"

தப்பு மூன்று வகை என்று அவர் விளக்கியது எனக்கு இன்னும் மனப்பாடம். ஒன்று, கூட்டல் தப்பு. உள்ளே போட்ட மார்க் எல்லாம் சரி. முன்பக்கக் கட்டத்தில் எடுத்து எழுதும்போதோ கூட்டும்போதோ தவறுவது. இரண்டு, விட்டுப்போவது. ஒரு பக்கம் புரட்டாமல் போவது, கூடுதல் தாளைப் பார்க்காமல் விடுவது. மூன்று, மதிப்பீட்டில் வித்தியாசம். பதிலைப் படித்துத்தான் மார்க் போட்டிருக்கிறார். ஆனால் இவர் 6 போட்டதற்கு இன்னொருவர் 9 போடுவார். முதல் இரண்டையும் யாரும் மறுக்க முடியாது. மூன்றாவதுதான் சிக்கல்.

அந்த மூன்றாவது சங்கதி உலகம் பூராவும் உள்ளது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1912, 1913-ஆம் ஆண்டுகளில் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு மாணவன் எழுதிய ஒரே வடிவக்கணிதத் தாளை நகலெடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 28 போட்டவரும் உண்டு. 90-க்கு மேல் போட்டவரும் உண்டு! கட்டுரை என்றால் பரவாயில்லை, கணக்கிலேயே இப்படி! ஆசிரியர்கள் அநியாயக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருவர் விடையைப் பார்த்தார். ஒருவர் வழிமுறையைப் பார்த்தார். ஒருவர் படம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். அதனால்தான் விடைக்குறிப்பு என்று ஒன்று வைத்து எல்லோரையும் ஒரு கோட்டில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

சரி, வாத்தியாரை விட்டுவிட்டுக் கணக்குப் போடும் இயந்திரத்திடம் கொடுத்தால் நியாயம் கிடைக்குமா? அதையும் பார்த்தார்கள். கொரோனா வந்த 2020-இல் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வை ரத்து செய்துவிட்டு, கம்ப்யூட்டர் கணக்கில் கிரேடு போட்டார்கள். ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த கிரேடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துபோனது. ஆகஸ்ட் 13-இல் ரிசல்ட்; பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 17-இலேயே அரசு அதை விலக்கிக்கொண்டு ஆசிரியர்கள் கொடுத்த கிரேடையே ஒப்புக்கொண்டது. நம் தமிழ்நாட்டில் 2021-இல் பிளஸ் டூ தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க்கில் 50 சதவீதம், பிளஸ் ஒன்னில் 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டில் 30 என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அதில் திருப்தி இல்லாதவர்கள் தேர்வு எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். எந்த முறை வைத்தாலும் 'எனக்கு இது சரியில்லை' என்று சொல்ல ஒரு வாசல் வைத்தாக வேண்டும் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

அந்த வாசல் திறந்த கதை

அந்த வாசல் ஒரு காலத்தில் மூடியே இருந்தது. மகாராஷ்டிரத்தில் பிள்ளைகள் விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1984-இல் உச்ச நீதிமன்றம், தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு கேட்கவோ மாணவருக்கு உரிமை இல்லை என்ற வாரியத்தின் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. 'லட்சக்கணக்கான தாளை எல்லோரும் கேட்டால் தேர்வு முறையே நின்றுபோகும்' என்பது வாரியங்களின் கவலை.

2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2008-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஒரு மாணவர், தன் விடைத்தாளைக் காட்டச் சொல்லிக் கேட்டார். மறுத்தார்கள். கல்கத்தா உயர் நீதிமன்றம் போனார், ஜெயித்தார். வாரியம் மேல்முறையீடு செய்தது. 2011 ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: திருத்திய விடைத்தாளும் சட்டப்படி 'தகவல்'தான்; எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். திருத்தியவர் யார் என்பதை மட்டும் காட்டக் கூடாது. அவருக்கும் பாதுகாப்பு வேண்டுமல்லவா?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தாளைப் பார்க்கும் உரிமை வேறு. மறுபடி திருத்தச் சொல்லும் உரிமை வேறு. விதியில் இடம் இருந்தால்தான் மறுமதிப்பீடு என்று 2017-இல் ஒரு உத்தரப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லியிருக்கிறது. ஆகவே முதலில் பிள்ளையின் கல்லூரி விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

வாசல் திறந்தால் திருடனும் நுழைவான் என்பதையும் பார்த்துவிட்டோம். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ஏப்ரல்-மே தேர்வுக்குப் பிறகு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். அவர்களில் 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேறிவிட்டார்கள். அதில் பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டார்கள் என்று குற்றம் சாட்டி, லஞ்ச ஒழிப்புத் துறை 2018-இல் அதிகாரிகள், பேராசிரியர்கள் மீது வழக்குப் பதிவு செய்தது. யாராவது வந்து, "இவ்வளவு கொடுங்க, மறுமதிப்பீட்டுல பாஸ் போட்டுத் தர்றேன்" என்றால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள். கட்ட வேண்டியது அலுவலகக் கட்டணம் மட்டும்தான், அதற்கும் ரசீது உண்டு.

பல்லடம் வழியாக ஒரு பயணம்

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் கணவர் பயந்தார். "ஏனுங்க, போய்க் கேட்டுப் பார்க்கலாமே" என்றதற்கு, "காலேஜுல போய் மல்லுக்கட்டுனா, அடுத்த தடவை லேப் மார்க்குல கையை வெச்சுருவாங்க. இன்னும் மூணு செமஸ்டர் அவ அங்கதான் படிக்கோணும்" என்றார். இந்தப் பயம் நியாயமானதுதான். அகமதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிற இடத்தில் பிள்ளைகள் வாயைத் திறக்கத் தயங்கத்தான் செய்வார்கள்.

நங்கைதான் வழி சொன்னார். "சண்டைக்குப் போக வேண்டாம். விதிப்படி நகல் கேட்டு எழுதிக் கொடு. அது குத்தம் சொல்றதில்ல. பேங்குல பாஸ்புக் போட்டுப் பார்க்கற மாதிரி."

பிள்ளை விண்ணப்பம் போட்டாள், கட்டணம் கட்டினாள். பத்து நாளில் இரண்டு பாடத்துக்கும் நகல் வந்தது. எங்கள் கூடத்தில் பாயை விரித்து நங்கையும் அவளும் உட்கார்ந்தார்கள். பாடம் அவருக்குத் தெரியாது. ஆனால் தாள் பார்க்கத் தெரியும். சிவப்பு மை எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். தேறாமல் போன தாளில் ஒரு 13 மார்க் கேள்வி. பாதி எழுதும்போது தப்பாகிவிட்டது என்று என் பெண் அதை அடித்துவிட்டு, ஒரு பக்கம் வெறுமனே விட்டு, அடுத்த பக்கத்தில் புதிதாக எழுதியிருக்கிறாள். திருத்தினவர் அடித்த பக்கத்தோடு தாள் முடிந்தது என்று நினைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் மூன்று பக்கம். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

"இங்க பாரு" என்றார் நங்கை. என் பெண் அழுதாள். இந்தத் தடவை நானும் அழுதேன்.

மறு வாரம் அவளோடு நானும் போனேன். வெள்ளகோவிலில் பஸ் ஏறி, காங்கேயம், பல்லடம், சூலூர் வழியாகச் சிங்காநல்லூர். வழியெல்லாம் அவளுக்கு நான் ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொண்டு போனேன்: "'தப்பாத் திருத்திட்டீங்க'ன்னு சொல்லாதே கண்ணு. 'இந்தப் பக்கம் பார்க்க விட்டுப்போச்சுங்களா மேடம்'னு கேளு."

துறைத் தலைவர் ஒரு அம்மாள். அறை வாசலில், "நீங்க யாருங்க?" என்று கேட்டார். "இவளோட அம்மாங்க." "மாணவி மட்டும் உள்ள வரட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அது நல்லதுதான். அவள் எழுதிய தாள். அவள்தான் பேச வேண்டும். கதவு பாதி திறந்திருந்ததால் குரல் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு தெளிவாக. என் பெண் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மூன்று பக்கத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லையாம். மறுமதிப்பீட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். இரண்டாவது தாளையும் அவளே காட்டியிருக்கிறாள். "57 தான் வந்திருக்குங்க மேடம். நான் 80 எதிர்பார்த்தேன்" என்றாளாம். அங்கேதான் விஷயம். அந்தத் தாளைத் திருத்தியதே அவர்தானாம்! விடைக்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒவ்வொரு கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விடை சரி; அலகு எழுதவில்லை. சூத்திரம் சரி; படம் போடவில்லை. ஒரு கேள்வியைச் சரியாகப் படிக்காமல் வேறு ஒன்றுக்குப் பதில் எழுதியிருக்கிறாள்.

வெளியே வந்தவள், "அது என்ற தப்புத்தாம்மா. 57 சரிதான்" என்றாள். அதற்கு மறுமதிப்பீடு போடவில்லை. சிங்காநல்லூரில் இட்லி சாப்பிட்டோம். நாலு இட்லி சாப்பிட்டாள். அந்த மாதத்தில் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

முடிவு என்ன ஆயிற்று? மறுமதிப்பீட்டில் விட்டுப்போன கேள்விக்கு 13-க்கு 9 கிடைத்தது. 38 என்பது 47 ஆனது. தேற 45 போதும். ஆனால் முடிவு வர நாற்பது நாள் ஆகிவிட்டது. அதற்குள் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்து போய்விட்டது. பாக்கி இருக்கிறவர்கள் பெயர் பட்டியலில் சேராது. இவள் பெயரும் சேரவில்லை. அந்த வாய்ப்பைத் திருப்பிக் கொடுப்பார் யாருமில்லை. வருத்தம் என்று ஒரு வார்த்தை எழுதியும் யாரும் அனுப்பவில்லை. மார்க் பட்டியலில் எழுத்து மட்டும் மாறியது. பிறகு வேறு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, அது வேறு விஷயம். லேப் மார்க்கில் யாரும் கை வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் பயந்தது போல் எதுவும் நடக்கவில்லை.

தாய்மார்கள் கவனத்துக்கு

பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டுக்கு: நம் மாநிலத் தேர்வில் ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கத் தேதி அறிவிப்பார்கள். நாலைந்து நாள்தான் அவகாசம் இருக்கும், தவறவிட்டால் போச்சு. மறுமதிப்பீடு வேண்டும் என்றால் முதலில் நகல் வாங்கியிருக்க வேண்டும். கட்டணமும் தேதியும் அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். பள்ளிக்கூடத்திலேயே விசாரித்தால் சொல்வார்கள். தேறாமல் போனாலும் வருடம் வீணாகாது. அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு உண்டு.

நகல் கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை இவை: எழுதிய ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் விழுந்திருக்கிறதா? உள்ளே உள்ள மார்க்கும் முன்பக்கக் கட்டத்தில் உள்ளதும் ஒன்றுதானா? கூட்டல் சரியா? கூடுதல் தாள் எல்லாம் சேர்ந்திருக்கிறதா? கடைசிப் பக்கம் வரை திருத்தியிருக்கிறார்களா? இவற்றில் தப்பு இருந்தால் தயங்காமல் கேளுங்கள். 'இன்னும் இரண்டு மார்க் போட்டிருக்கலாம்' என்கிற வகை என்றால் நன்றாக யோசியுங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் கூடவும் செய்யும், சில இடங்களில் குறையவும் செய்யும். விதியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆசிரியரிடம் போகிற பிள்ளைக்கு மூன்று சொல்லி அனுப்புங்கள். கோபம் ஆறின பிறகு போக வேண்டும். ரிசல்ட் வந்த அன்றைக்கே ஓடக் கூடாது. எந்தப் பக்கம், எந்தக் கேள்வி என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். மற்றவளுக்கு இத்தனை போட்டிருக்கிறீர்களே என்று அடுத்தவர் தாளை இழுக்கக் கூடாது. நாமும் கூடப் போகலாம். ஆனால் பேச வேண்டியவள் அவள்.

இனி உடம்பு விஷயம். மார்க் போனதை விட இதுதான் முக்கியம். சாப்பாடு இறங்காமல் இருப்பது, தூங்காமல் இருப்பது, அல்லது எந்நேரமும் படுத்தே கிடப்பது, யாரிடமும் பேசாமல் இருப்பது, தன் சாமான்களை எடுத்துத் தங்கைக்கும் தோழிக்கும் கொடுப்பது, 'நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்' என்கிற மாதிரிப் பேச்சு... இவற்றில் எதைப் பார்த்தாலும் 'வயசுக் கோளாறு, சரியாப் போகும்' என்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். பூச்சி மருந்து, மாத்திரை டப்பா எல்லாம் எட்டாத இடத்துக்குப் போகட்டும். நம் ஊர்களில் தோட்டத்து வீடு, சாளையில் மருந்து டப்பா திண்ணையிலேயே கிடக்கும். 'சாகணும்னு தோணுதா கண்ணு?' என்று நேராகக் கேட்பதில் தப்பில்லை. கேட்பதால் அந்த எண்ணம் வராது. மனதில் இருப்பது வெளியே வரும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். அரசின் 104-லும் பேசலாம். தாயும் பேசலாம், பிள்ளையும் பேசலாம். டாக்டரிடம் அழைத்துப் போவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

என் மனதில் இன்னும் நிற்பது அந்த மாடிப்படிதான். அன்றைக்கு அவள் கேட்டது மார்க்கை அல்ல. தான் சொல்வதை அம்மா நம்புகிறாளா என்றுதான் கேட்டாள். நான் நம்பாமல் திருப்பி அனுப்பினேன். நல்ல வேளை, மறுபடி எழுந்து போனேன்.

பிள்ளை சொல்வது எல்லாம் சரியாக இருக்காது. என் பெண் சொன்னதிலேயே பாதிதான் சரி. ஆனால் எந்தப் பாதி சரி என்று தாளைப் பிரித்துப் பார்த்த பிறகுதானே தெரிந்தது?

என் சின்னவள் இப்போது பிளஸ் ஒன். போன வாரம் வகுப்புத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து, "அம்மா, கூட்டல்ல ரெண்டு மார்க்கு ஜாஸ்தியாப் போட்டிருக்காங்க. சொல்லட்டுமா வேண்டாமா?" என்றாள். "சொல்லிரு சாமி" என்றேன். சொன்னாள். இரண்டு மார்க் போயிற்று. முகம் வாடாமல் வந்து சாப்பிட்டாள்.